நல்ல கொழுப்பு கம்மி

நான் வாசலிலேயே திருப்பிக் கொடுத்த முதல் பொட்டலம் வெண்ணெய் பிஸ்கட். கொண்டுவந்தவர் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கயத்தாற்றிலிருந்து உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். என் கணவர் நெஞ்சுவலி கண்டு, திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அப்போதுதான் கோவில்பட்டிக்கு வீடு திரும்பியிருந்தார். அவரைப் பார்க்க வந்த சிநேகிதர் கையில் பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள ஒரு பேக்கரியின் அட்டைப்பெட்டி. பெட்டியின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறிக் கண்ணாடிக் காகிதம் போல ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இது அவியளுக்கு ஆகாது."

"பிஸ்கட்டும்மா இது."

"பிஸ்கட்டுதான் அண்ணாச்சி ஆகாது."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோயாளிக்குப் பிஸ்கட்டு ஆகாதா? பெறகு யாருக்குத்தான் ஆகும்?"

"பிள்ளையளுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பிள்ளைகள் மட்டும் எதற்குத் தின்ன வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அதையும் வாய் திறந்து சொல்லியிருப்பேன். அதற்குள், "வெயில்ல வந்தவன நிப்பாட்டி வச்சிப் பாடம் நடத்தாத, டீச்சர்" என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அந்தச் சிநேகிதர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பிஸ்கட் பத்தியம். காய்ச்சல் வந்தால் சோற்றை நிறுத்தி ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அதனால் பிஸ்கட் என்றால் வயிற்றுக்கு லேசானது, சீக்காளிக்கு உகந்தது என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போவது கல்யாணத்துக்குப் போவதைவிட முக்கியம். கல்யாணத்துக்கு வராதவரைக்கூட மன்னித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவரை மன்னிக்க மாட்டார்கள். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. பழம் கனிந்துவிடும், பிஸ்கட் கெடாது. ஆஸ்பத்திரி வாசல்களில் எல்லாம் பிஸ்கட் கடை இருப்பதற்கு அதுதான் காரணம். கால் முறிந்தவருக்கும் பிஸ்கட், கண் ஆபரேஷன் செய்தவருக்கும் பிஸ்கட். இதயக் குழாய் அடைத்துப் பிழைத்து வந்தவருக்கும் அதே பிஸ்கட்டைத்தான் கொடுப்பார்கள், பாசத்தோடு.

நான் வேதியியல் ஆசிரியை. எண்ணெயை நெய் மாதிரி உறைய வைப்பது எப்படி என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். சூடாக்கிய எண்ணெயில் நிக்கல் பொடியை வினையூக்கியாகப் போட்டு, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், திரவமாக இருந்த எண்ணெய் திடமாகிவிடும். அதுதான் வனஸ்பதி. நான் படித்த காலத்துப் புத்தகத்தில் அது 'பயன்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பசு நெய் போலவே மணல்மணலாக உறைய வேண்டும் என்பதற்காக அதை ஆறவைக்கும் விதத்துக்குக்கூடத் தனிப் பக்குவம் உண்டு. வாங்குகிறவர் கண்ணுக்கும் விரலுக்கும் அது நெய்யாகத் தெரிய வேண்டுமே.

எண்ணெய் முழுக்க உறையாமல் பாதியில் நிறுத்தும்போதுதான் கோளாறு வருகிறது. எண்ணெயின் மூலக்கூறு ஒரு சங்கிலி. இயற்கையில் அது ஓர் இடத்தில் வளைந்திருக்கும். அந்த வளைவின் இரு பக்க ஹைட்ரஜன்களும் ஒரே பக்கமாக நிற்கும். ஆலைச் சூட்டில் அவற்றில் ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். வளைந்த சங்கிலி நேராகிவிடும். இதற்குத்தான் ட்ரான்ஸ் கொழுப்பு என்று பெயர். நம் உடம்புக்கு இந்த நேரான சங்கிலியை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும், நல்ல கொழுப்பை இறக்கும். ஒரே பொருள் இரண்டு தீமையையும் ஒருசேரச் செய்யும். இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. திருநெல்வேலி டாக்டர் சொன்னார், என் கணவர் மார்பில் வயர்களோடு படுத்திருக்கும்போது.

அவர் இரும்புக் கடை வைத்திருக்கிறார். காலை பதினோரு மணிவாக்கில் கட்டுக்கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் யாரோ பாறையை வைத்த மாதிரி இருந்ததாம். வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் அவர் முகத்தில் வேர்வையைப் பார்த்துக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். எனக்குப் போன் வந்தபோது வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு, பகலில் போன் அடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது. இப்போதும்தான். அதை மறைக்க நான் முயற்சி செய்வதில்லை.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான் சார். ஓட்டல்ல கை நனைக்கதே இல்ல" என்றார் என் கணவர், பெருமையாக.

"பதினோரு மணி டீக்கு?"

"டீ மட்டுந்தான். கூட ஒரு பப்ஸு."

"சாயங்காலம்?"

"கொஞ்சம் சேவு. இல்லன்னா வடை. அது சாப்பாடு இல்லைல்லா சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. பப்ஸின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருப்பது கெட்டிக் கொழுப்பு என்றார். அது உருகி இடம் விடுவதால்தான் அடுக்கு தனித்தனியாகப் பிரிகிறது. ட்ரான்ஸ் கொழுப்புக்கு இப்போது சட்டத்தில் வரம்பு இருக்கிறது. ஆனால் சில்லறையாகக் காகிதத்தில் மடித்துத் தரும் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று யார் எழுதி ஒட்டுகிறார்கள்? சட்டத்துக்குப் பயந்து மாற்றிய இடங்களிலும் பெரும்பாலும் கெட்டிப் பாமாயில் கொழுப்பைத்தான் போடுகிறார்கள். அதுவும் கெட்ட கொழுப்பை ஏற்றுவதுதான். சட்டியில் காலையில் ஊற்றிய எண்ணெயைச் சாயங்காலம்வரை கொதிக்கவிட்டு, குறையக் குறைய மேலே புதுசை ஊற்றிப் பொரிப்பது வேறு. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்குப் பிள்ளைகள்?"

ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை உண்டு. அவள் கையிலும் ஒன்று பள்ளி நாளிலேயே வந்துவிட்டது. கல்லூரி அணியில் நடு வரிசையில் ஆடுகிறாள். கருப்பு மண் பொட்டலில் ஓடி ஓடி, வெயிலில் வற்றிய பருத்திமார்க் குச்சி மாதிரி இருப்பாள்.

"இந்த வயசிலேயே அப்பாவுக்கு இப்படி வந்திருக்கு. மகளுக்கும் ரத்தம் பார்த்துடுங்க" என்றார் டாக்டர்.

மகள் சிரித்தாள். "எனக்கா? எங்கிட்ட எங்க இருக்கு கொழுப்பு?"

"வாயில இருக்கு" என்றார் அவள் அப்பா, படுக்கையிலிருந்தே.

அவர் வீடு திரும்பும் நாளில் முடிவு வந்தபோது சிரிப்பு நின்றது. கெட்ட கொழுப்பு இந்த வயதில் இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது. நல்ல கொழுப்பு இருக்க வேண்டியதைவிடக் கீழே. ஆளின் உருவத்துக்கும் ரத்தத்தின் கொழுப்புக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படித்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில், என் கண் முன்னால் வளர்ந்த ஒல்லிப்பிள்ளையின் தாளில் அதை வாசிப்பது வேறு.

"எவ்வளவு பிறப்பிலே வந்தது, எவ்வளவு வாய் வழியா வந்ததுன்னு இப்பவே பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "வாய் வழியா வர்றதை முதல்ல அடைச்சுப் பார்ப்போம். ஆனா இந்த அளவுக்கு அது மட்டும் போதாது. மாத்திரையும் வேணும். கல்யாணம், குழந்தைன்னு வரும்போது முன்கூட்டியே எங்கிட்ட சொல்லுங்க, நிறுத்திக்கலாம். அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

அவ்வளவு நேரமும் மகள் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே விளாத்திகுளத்திலிருந்து என் கணவரின் அக்கா போன் பண்ணினார்கள். எனக்கு மதினி. தம்பி என்றால் உயிர். மருமகள், அதாவது என் மகள், என்றால் அதற்கும் மேலே. நான் அடுப்படியில் இருந்தேன், பேசியது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கணவர் படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். "ஆமாக்கா, அவளுக்கும் பாத்தாச்சு. ஒண்ணும் பெருசா இல்லக்கா. நல்ல கொழுப்பு கம்மியாம்."

அதோடு நிறுத்திவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்ததில் பாதியைச் சொன்னார். பெற்ற மகளைப் பற்றிப் பேசும்போது 'கெட்ட' என்று தொடங்கும் சொல் அவர் வாயில் வரவில்லை. 'நல்ல' என்று தொடங்கியது மட்டும் வந்தது. அது போதுமானதாக இருந்தது. ஒல்லிப்பிள்ளை, வெயிலில் ஓடுகிற பிள்ளை, அதற்குக் கொழுப்பு கம்மி. இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? விளாத்திகுளத்திலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் சேதி அன்றைக்கே போய்விட்டது. டாக்டரே சொல்லிவிட்டார், பிள்ளைக்கு நல்ல கொழுப்பாகப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

அதன் பிறகு வந்தவர்கள் நோயாளிக்குப் பிஸ்கட்டும், மகளுக்குத் தனியாக ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார்கள். நெய் மைசூர்பாகு. கிரீம் பன். முந்திரிக் கேக். ஒரு பெரியம்மா பால்கோவாவைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து, "ஏ பிள்ள, நல்லாத் தின்னு, உள்ள பசை வேணும்லா" என்று கன்னத்தைத் தடவினார்கள். மகளுக்குக் கொண்டாட்டம். டாக்டர் சொன்னது பயமாக இருந்தது, சொந்தபந்தம் சொன்னது இனிப்பாக இருந்தது. எதை நம்புவாள்? நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பாதிப் பெட்டி காலியாகியிருக்கும்.

இது எப்படி நடக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. ஏன் எல்லோரும் திடீரென்று இவளுக்குக் கொண்டுவருகிறார்கள்? மாத்திரை ஒரு பக்கம், மைசூர்பாகு ஒரு பக்கம். வாசலில் நின்று வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடலை மிட்டாயை மட்டும் உள்ளே விட்டேன். அதில் கடலையும் வெல்லப்பாகும்தான். எங்கள் ஊரில் பிறந்ததற்கு இந்த ஒரு சலுகையாவது வேண்டாமா? மற்றதெல்லாம் திரும்பிப் போனது. முகம் சுண்டிப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி நேரிலேயே வந்துவிட்டார்கள். கையில் ஒரு கட்டைப்பை. முன்னறையில் என் கணவரோடு எதிர்வீட்டு அக்காவும் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு தூரத்து உறவுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மதினி பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்கள். பாசிப்பயறு மாவு உருண்டை. பளபளவென்று இருந்தது.

"எங்க எம் மருமவ?"

"கிரவுண்டுக்குப் போயிருக்கா மதினி."

"ஏட்டி, இன்னுமா ஓட விடுத? இருக்க கொழுப்பும் கரைஞ்சுல்லா போவும். வந்ததும் ரெண்டு உருண்டை குடு. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. நல்ல கொழுப்பு கம்மின்னு இவன் சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மதினி, கம்மியா இருக்கது நல்ல கொழுப்பு. கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. அதச் சொல்லலையா உங்க தம்பி?"

"கெட்டதா? கெட்டது எதுக்குட்டி இவளுக்கு வருது? நான் என்ன கெட்டதையா கொண்டாந்திருக்கேன்? கைப்பட வறுத்து, திரிச்சு, நெய்ய உருக்கி ஊத்திப் பிடிச்சிருக்கேன்."

"எந்த நெய்யி மதினி?"

"கடை நெய்யிதான். எப்பவும் வாங்குததுதான்."

"கவர் இருக்கா?"

இருந்தது. டப்பா கசியாமலிருக்க அந்தக் கவரைத்தான் கழுவி அடியில் சுற்றியிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரு பசுமையான இலைப் படம், ஒரு தங்க நிறச் சொட்டு. நெய் என்று எங்கும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் வனஸ்பதி என்று இருந்தது. நான் வாசித்தேன்.

"ஆமா, வனஸ்பதி. அதுவும் நெய்யிதானட்டி? கல்யாண வீட்ல கேசரிக்கு இதத்தான ஊத்துதாங்க? ஊரே திங்குது."

"ஊரே திங்குதுன்னுதான் மதினி சொல்லுதேன்."

எதிர்வீட்டு அக்கா சிரிப்பை முந்தானையால் மறைத்தார். மதினி டப்பாவை மூடவில்லை. "சரி, அடுத்த தடவ மாட்டு நெய்யில செஞ்சு கொண்டாரேன்."

"அதுவும் இவளுக்கு அளவுதான் மதினி. உருண்டைக் கணக்குல ஆகாது."

"பெறகு என்னத்தத்தான் திங்கும் அந்தப் பிள்ள?"

"கம்பு, சோளம், கீரை, பயறு. உருண்டைல இருக்க பயறு நல்ல பயறுதான். அத அவிச்சுக் குடுத்தாப் போதும். நீங்க அதுமேல ஊத்துனதுதான் ஆகாது."

மதினி டப்பாவை மூடினார்கள். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை. நிஜமான பயம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் அவர்களை என்னால் வெறுக்க முடியவில்லை.

"நீ சொல்லுதபடியே வச்சுக்க. கெட்டது கூடன்னே இருக்கட்டும். அத வெளிய சொல்லாதட்டி. பொட்டப்பிள்ள. மாத்திரை திங்கான்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா? நல்ல கொழுப்பு கம்மின்னு சொன்னா ஒருத்தனும் தப்பா நினைக்க மாட்டான். அப்படியே இருந்துட்டுப் போட்டும்."

எனக்குள் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திருநெல்வேலியில் வயர்களுக்கு நடுவே கிடந்த ஆள் கண்ணில் வந்தார். அதே படுக்கையில் இன்னும் இருபது வருஷத்தில் இன்னொரு முகம் கிடப்பதாகத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் பேசினேன். நாலு பேரும் கேட்கும்படி, வாசலில் போகிறவருக்கும் கேட்கும்படி.

"எம் மவளுக்கு ரத்தத்துல கெட்ட கொழுப்பு கூட. தினமும் மாத்திரை சாப்பிடுதா. இன்னும் ரொம்பக் காலம் சாப்பிடுவா. இத மறைச்சுக் கட்டிக்குடுத்து, மறைச்சு மாத்திரையும் விட்டு, அவ அப்பா மாதிரி அவ தராசுப் பக்கத்துல விழணுமா? அப்படி ஒரு மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லுங்க. தெரியாதவங்களுக்கும் சொல்லுங்க."

சொல்லி முடித்துத் திரும்பினால், வாசலில் மகள் நிற்கிறாள். தோளில் மட்டைப் பை. முழங்கால்வரை கருப்பு மண். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"என்னையக் கேட்டீங்களாம்மா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அத்தையைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மதினி டப்பாவைப் பைக்குள் வைத்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ்காரர் செருப்பைத் தேடினார். போகும்போது அவர் வாசலில் நின்று, எதிர்வீட்டு அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்கத்தான் செய்தது. "கொழுப்பு யாருக்குக் கூடன்னு இப்பல்லா தெரியுது."

இருக்கட்டும். என் கொழுப்புக்கு மாத்திரை இல்லை. அது இறங்கவும் வேண்டாம்.

அன்றைக்கே சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 'பார்க்க வாருங்கள், சந்தோஷம். வெறுங்கையோடு வாருங்கள். பப்ஸ், பிஸ்கட், கேக், நெய்ப் பலகாரம் எதுவும் இந்த வீட்டுக்குள் வராது. காரணம் கேட்டால் சொல்கிறேன்.' காரணம் யாரும் கேட்கவில்லை. ஒருவர், 'வெறுங்கையோட வர நாங்க என்ன கரண்ட் கணக்கா எடுக்க வாரோம்?' என்று போட்டார். இன்னொருவர் கும்பிடுகிற படம் போட்டார், அது மரியாதையா கேலியா என்று தெரியவில்லை. ஒரு சித்தப்பா, 'வீட்டுக்காரி வார்த்தை. கோர்ட்டு ஆர்டர்' என்று எழுதினார். என் கணவர் படுத்தபடியே, 'ஆர்டர் இங்க அமல்ல இருக்கு' என்று பதில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "பாதியச் சொன்னது நாந்தான். அவகிட்ட நான் சொல்லுதேன்" என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிஸ்கட் இல்லாமல் பேச்சைத் தொடங்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. நான் சுக்குக் காப்பி கொடுத்தேன்.

மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாத்திரையைச் சாப்பிட்டாள், ஆனால் நான் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டாள். தானே அட்டையைப் பிரித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்குவாள். காலையில் கம்பங்கூழோ, பயறோ, எது வைத்தாலும் சாப்பிட்டாள், ருசி பற்றி ஒரு சொல் இல்லாமல். பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் யாராவது புரவலர் பிள்ளைகளுக்குப் பப்ஸும் குளிர்பானமும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். அங்கே அவள் தின்கிறாளா? எனக்குத் தெரியாது. மைதானத்துக்குப் போய்ப் பார்க்கத் தோன்றாத நாள் இல்லை. ஒருநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போயும்விட்டேன். வேலிப் பக்கம்வரை போய்த் திரும்பிவிட்டேன். வீட்டு வாசல் என்னுடையது, அதில் யாரையும் மறிப்பேன். அவள் வாய் அவளுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மதினி உட்படப் பலபேர் சொன்னார்கள். அவளைக் கேட்டுவிட்டுப் பேசியிருக்கலாம்தான். ஆனால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். நான் பேசாமல் இருந்திருப்பேன். மூடி வைத்தது மூடி வைத்ததாகவே இருந்திருக்கும். ரத்தத்தில் ஓடுகிறதை ஒளித்து வைப்பதில்தான் மானம் இருக்கிறது என்றால், அந்த மானம் எனக்கு வேண்டாம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வகுப்பில் ஹைட்ரஜனேற்றம் பாடம் வந்தது. சமன்பாட்டை எழுதினேன், நிக்கலை எழுதினேன், வனஸ்பதியை எழுதினேன். பயன்கள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், உடலுக்கு ஏற்படும் தீங்குகள் என்று இன்னொரு தலைப்பும் எழுதினேன். "டீச்சர், இது புக்ல இல்லையே" என்றாள் முன் பெஞ்சுப் பிள்ளை. "பரீட்சையில வராது. எழுதிக்க" என்றேன். இன்னொருத்தி, "டீச்சர், கேன்டீன்ல பப்ஸ் இருக்கே?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதை நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் கொடுப்பேன்.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடியும் ரத்தம் கொடுக்க நான் கூட வருகிறேன் என்றேன். "நானே போயிக்கிடுதேன்" என்றாள். காலையில் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறித் திருநெல்வேலிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்றைக்கு எந்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மத்தியானம் ஆசிரியர் அறையில் இருக்கும்போது போன் அடித்தது. இரண்டாவது தடவை அடித்தபோதுதான் பச்சையை அழுத்த முடிந்தது.

"எம்மா."

"சொல்லு."

"கெட்டது நல்லா இறங்கியிருக்கு. ஆனா டாக்டர் நினைச்ச அளவுக்கு இல்லையாம். நல்லது ஒரு மயிரிழை ஏறியிருக்கு."

"மாத்திரை?"

"நிறுத்தக் கூடாதாம். பிறப்புலயே வந்ததுதான் கூடுதலாம். அதுக்காக வாயத் திறந்து விட்டுராதன்னு சொன்னாரு. வாய் வழியா வந்ததும் நிறைய இருந்துச்சாம், அதான் இவ்வளவு இறங்கியிருக்குன்னாரு."

போனில் பேருந்து நிலையச் சத்தம் கேட்டது. யாரோ ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு இறங்க வேண்டுமென்றால் மைதானத்திலும் அவள் தின்றிருக்க மாட்டாள். அதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"டீமுல எல்லாவளும் நீ ஏன் எதுவும் திங்க மாட்டேங்கன்னு கேக்காளுவ. டயட்டுன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னைக்குச் சொல்லிறப் போறேன். ரெண்டு பேரு அப்பாமாருக்கும் ஸ்டென்ட் வச்சிருக்கு. அவளுவளையும் பாக்கச் சொல்லணும்."

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். எப்படிச் சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும், எந்தப் பரிசோதனை, எந்த நேரம், எல்லாவற்றையும்.

"நான் வேணும்னா..."

"வேண்டாம்மா. நீங்க யார்ட்டயும் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிடுதேன்."

"சரி" என்றேன்.

"சத்தமா சொல்ல மாட்டேன். ஆனா சொல்லிருவேன்" என்றாள். பேருந்து வந்துவிட்டது போல. போனை வைத்துவிட்டாள்.